டியூப் எடுத்த பிறகு படுக்கை நனைகிறது: டயப்பரா, திரும்பவும் டியூபா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் செய்துகொண்ட 78 வயது அம்மா, ஐந்து வாரம் யூரின் டியூபோடு முதியோர் இல்லத்தில் இருந்தார். டியூபை எடுத்து நான்கு நாள் ஆகிறது. அன்றிலிருந்து உடுப்பும் படுக்கையும் நனைந்தபடி இருக்கின்றன. ‘நாள் முழுக்க டயப்பர் கட்டிவிடலாம், இல்லையென்றால் டியூபையே திரும்பப் போட்டுவிடலாம், எது வேண்டும் சொல்லுங்கள்’ என்று இல்லத்தில் கேட்கிறார்கள். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியாக இது உங்களிடம் வந்திருக்கிறது. ஆனால் நீங்கள் அறிய விரும்புவது இந்தக் கசிவு நிற்குமா, நிற்க வேண்டுமென்றால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, வலிக்கும் தூக்கத்துக்கும் மாத்திரை போகிறது, மலம் கழித்து நாலு நாள் ஆகிறது என்றும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். விஷயமே அந்தக் கடைசி வரியில்தான் இருக்கக்கூடும்.

டியூப் எடுத்தபின் ஒருவர் ஓயாமல் நனைத்துக்கொள்வதற்கு நேர் எதிரான இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, மூத்திரப்பை கொஞ்சம் நிரம்பியதுமே அடக்க முடியாமல் சுருங்கித் தள்ளிவிடுவது. மற்றது, பை காலியே ஆகாமல் நிரம்பிக் கிடந்து, மொட்டைமாடித் தொட்டி வழிவதுபோல மிஞ்சியது மட்டும் சொட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுக்கும் அடையாளம் ஒரே நனைந்த படுக்கைதான். முதல் வகைக்கான மாத்திரையை இரண்டாம் வகைக்காரருக்குக் கொடுத்தால் வந்துகொண்டிருந்த கொஞ்சமும் நின்றுபோகலாம். இரண்டாம் வகைக்காரருக்கு டயப்பரைக் கட்டி ‘போய்க்கொண்டுதானே இருக்கிறது’ என்று விட்டுவிட்டால், பை விரிந்துகொண்டே போய் அதன் தசை தளரும். நாளடைவில் சிறுநீரகம் வரை அழுத்தம் ஏறலாம். நனைகிறது, ஆகவே அடைப்பு இல்லை என்று நினைத்துக்கொள்வதுதான் இல்லங்களில் அடிக்கடி நடக்கும் பிழை.

எனவே வேறு எதையும் முடிவு செய்யும் முன் ஒரே ஓர் எண் வேண்டும்: சிறுநீர் கழித்த உடனே பையில் எத்தனை மில்லி மிச்சம் நிற்கிறது. இதற்கென்றே கையடக்க ஸ்கேனர் உண்டு, ஆனால் நம் ஊர் இல்லங்களில் அரிது. பக்கத்து ஸ்கேன் சென்டரில் சாதாரண அல்ட்ராசவுண்டிலேயே பார்த்துவிடலாம். அங்கே ஒரு வம்பு இருக்கிறது. வயிற்று ஸ்கேன் என்றதும் ஒரு லிட்டர் தண்ணீரைக் குடிக்க வைத்து, முட்டும் வரை உட்கார வைப்பார்கள். அளவுக்கு மீறி நிரம்பிய பையும் பழக்கமில்லாத கழிப்பறையும் சேர்ந்தால், நல்ல பை உள்ளவருக்கே சரியாகப் போகாது. மிச்சம் பொய்யாக அதிகம் காட்டும். ‘கழித்த பிறகு மிச்சம் எவ்வளவு என்பது மட்டும் வேண்டும்’ என்று சீட்டில் எழுதி வாங்குங்கள். வழக்கம்போல் தாகத்துக்குக் குடித்துவிட்டுப் போய், கழித்த 10, 15 நிமிடத்துக்குள் ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள். அம்மாவை வெளியே கூட்டிப்போக முடியாது என்றால், பயிற்சி பெற்ற நர்ஸ் 12 அல்லது 14 அளவுள்ள, பலூன் இல்லாத மெல்லிய டியூபைச் சுத்தமான முறையில் நுழைத்து வடித்து, அளவுக் குடுவையில் பார்த்துவிட்டு உடனே எடுத்துவிடலாம். அடிவயிற்றைத் தட்டிப் பார்ப்பது உதவும், ஆனால் நம்ப முடியாது. பருத்த உடம்பில் 400 மில்லிகூடக் கைக்குத் தெரியாமல் போகும்.

எண் கிடைத்ததும் எப்படிப் படிப்பது? 100 மில்லிக்குக் கீழே என்றால் பை நன்றாகக் காலியாகிறது. இந்த வயதில் 200 வரை பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டு மூன்று நாள் கழித்து இன்னொரு முறை பார்க்க வேண்டும். 300க்கு மேல் நின்றால் அன்றைக்கே டாக்டரிடம் பேச வேண்டும். 400, 500 என்றால் வடித்தாக வேண்டும். இந்த இரு ஓரங்களில் சந்தேகம் இல்லை. நடுவில் இருக்கும் 200லிருந்து 300 வரைதான் இழுபறி. ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வோர் எல்லை வைத்திருக்கிறது. அங்கே எண்ணை மட்டும் பார்க்காமல் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அளவு) ஏறியிருக்கிறதா, அடிவயிறு வலிக்கிறதா, அடிக்கடி தொற்று வருகிறதா என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

மிச்சம் அதிகம் என்று தெரிந்தால், பை ஏன் காலியாகவில்லை என்று தேட வேண்டும். முதல் சந்தேகம் மலச்சிக்கல்மீது. ஆசனக்குடலில் இறுகிய மலம் அடைத்து நின்றால் அது மூத்திரப்பையின் வாயையும் சேர்த்து நெருக்கும். டாக்டரோ நர்ஸோ கையுறை போட்டு விரலால் பார்ப்பதற்கு ஒரு நிமிடம் ஆகும். கூச்சத்தால் அது தள்ளிப்போகிறது. அடைத்திருந்தால் எனிமா கொடுத்து வெளியேற்றி, பிறகு மலத்தை இளக்கும் லாக்டுலோஸ் மருந்தை 15 முதல் 30 மில்லி என்று தொடருவார்கள். படுத்தே இருந்து தண்ணீரும் குறைவாகக் குடிப்பவருக்கு இசப்கோல் வேண்டாம். அது உள்ளேயே ஊறி இறுகும். தளதளவென்று மலம் கசிகிறதே, அடைப்பு எப்படி இருக்கும் என்றும் நினைத்துவிடாதீர்கள். அடைப்பைச் சுற்றி வழியும் தண்ணீர் மலமாக அது இருக்கலாம்.

இரண்டாவது மாத்திரைப் பட்டியல். வலிக்கு டிரமடால், தூக்கத்துக்கோ கால் எரிச்சலுக்கோ அமிட்ரிப்டிலின், சளிக்கு அவில் அல்லது குளோர்பெனிரமின் உள்ள மருந்து, கை நடுக்கத்துக்கு டிரைஹெக்ஸிபெனிடில். இவை ஒவ்வொன்றும் பை சுருங்கிச் சிறுநீரைத் தள்ளும் வலுவைக் குறைக்கும். வயதானவர்களுக்கு மனக்குழப்பத்தையும் கொண்டுவரும். டிரமடாலும் அமிட்ரிப்டிலினும் மலத்தையும் கட்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். பட்டியலைக் கையில் கொடுத்து ‘இதில் எதைக் குறைக்கலாம்’ என்று கேளுங்கள். மூன்றாவது, நீண்டநாள் சர்க்கரை. பை நிரம்பியிருக்கும் உணர்வே மழுங்கி, தசையும் தளர்ந்து போயிருக்கலாம். அது திடீரென்று சரியாகாது. அப்படிப்பட்டவர்களுக்கு உள்ளேயே நிற்கும் டியூபைவிட, நான்கு முதல் ஆறு மணிக்கொருமுறை மெல்லிய டியூபால் வடித்து எடுப்பது நல்லது. ஒரு தடவைக்கு 400 மில்லியைத் தாண்டாதபடி இடைவெளியை வைத்துக்கொள்ள வேண்டும். இரவு நேரத்தில் பயிற்சி பெற்ற நர்ஸ் இல்லாத இல்லத்தில் இது நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இதே கேள்வியோடு அப்பாவுக்காக வருபவர்களுக்கு ஒரு குறிப்பு. ஆண்களுக்கு முதல் சந்தேகம் புராஸ்டேட் வீக்கம். டாம்சுலோசின் போன்ற மாத்திரையை டியூப் எடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே தொடங்கினால், எடுத்தபின் தானாகக் கழிக்கும் வாய்ப்பு கூடுகிறது. எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் சரியும் என்பதால் இரவு கொடுத்து, காலையில் கட்டில் ஓரத்தில் சற்று உட்கார வைத்துவிட்டு எழுப்ப வேண்டும். வெளியே உறைபோல மாட்டி, குழாயால் பையில் வடியவிடும் காண்டம் கதீட்டர் ஆண்களுக்கு நல்ல வசதிதான். ஆனால் மிச்சம் குறைவு என்று உறுதியான பிறகே போட வேண்டும். சரியான சைஸ் பார்த்து, தினமும் மாற்ற வேண்டும். சுற்றிலும் பிளாஸ்திரி இறுக்கி ஒட்டவே கூடாது, ரத்த ஓட்டம் நின்று தோல் கருகிவிடும்.

அம்மாவுக்கு மிச்சம் குறைவாக வந்தால் கவலை பாதி குறைந்தது. ஐந்து வாரம் ஒரு குழாயும் பலூனும் உரசிக்கொண்டிருந்த பை, எடுத்த முதல் ஓரிரு நாள் எரிச்சலும் அவசரமுமாக இருப்பது இயல்பு. அதோடு ஐந்து வாரம் ‘வருகிறது’ என்று எழுந்து போக வேண்டிய தேவையே இல்லாமல் இருந்தவர், இப்போது ஆபரேஷன் செய்த காலோடு கழிப்பறை வரை நடக்க வேண்டும். இந்த நிலையில் பலருக்குப் பையில் பெரிய கோளாறு இருக்காது; போய்ச் சேர முடியாததால்தான் நனைகிறது.

மூன்று நாள் ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார், எத்தனை மணிக்கு எவ்வளவு கழித்தார், எப்போது நனைந்திருந்தது. டயப்பரைச் சமையலறைத் தராசில் எடை போட்டு, காய்ந்த டயப்பரின் எடையைக் கழித்தால் கசிந்த அளவு தெரியும். ஒரு கிராமுக்கு ஒரு மில்லி. ‘எப்போதும் நனைகிறது’ என்று சொல்லப்பட்டது, காலை மாத்திரை கொடுத்த பிறகு மூன்று மணி நேரமும், இரவு இரண்டு மணிக்கு மேலும்தான் நனைகிறது என்று தாளில் தெரியவரும். அங்கேதான் கை வைக்க வேண்டும்.

பிறகு நேரம் வைத்து அழைத்துப் போவது. இந்த விஷயத்தில் நல்ல ஆய்வு ஆதாரமுள்ள வேலை இதுதான். செய்ய ஆளில்லை என்று முதலில் கைவிடப்படுவதும் இதுதான். காலை ஆறு மணியிலிருந்து இரவு படுக்கும் வரை இரண்டு மணிக்கொருமுறை ஒருவர் அருகில் போக வேண்டும். முதலில் ‘நனைஞ்சிருக்காம்மா, காய்ஞ்சிருக்கா?’ என்று அவரையே கேட்க வேண்டும். பார்த்துவிட்டு அவர் சொன்னது சரியா என்று சொல்ல வேண்டும். ‘வாங்க, ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடலாம்’ என்று கூப்பிட வேண்டும். மாட்டேன் என்றால் ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை, மொத்தம் மூன்று முறை வரை கேட்கலாம், அதட்டக் கூடாது. போய்விட்டு வந்தால் நல்லபடி ஒரு வார்த்தை. நனைந்திருந்தால் முகம் சுளிக்காமல் மாற்றிவிட்டு, அடுத்து எத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அமெரிக்க நர்சிங் ஹோம்களில் இந்த முறையைச் சோதித்தபோது, நனைப்பவர்களில் சுமார் 25 முதல் 40 சதவீதம் பேருக்குத் தெளிவான பலன் இருந்தது. பலன் கிடைக்குமா என்பது முதல் மூன்று நாளிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அழைத்துப் போகும்போது மூன்றில் இரண்டு முறையாவது அங்கே போய்க் கழிக்கிறார் என்றால் தொடருங்கள். இல்லையென்றால், பகல் முழுக்க இப்படி எழுப்பி அவரையும் ஊழியரையும் அலைக்கழிக்காமல், சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் என்று குறைத்துக்கொண்டு, நேரத்துக்கு டயப்பர் மாற்றுவதில் கவனத்தை வைக்கலாம். ஞாபக மறதி இருப்பவருக்கு இது பயன்படாது என்று தள்ளிவிட வேண்டாம். பெயர் சொன்னால் திரும்பிப் பார்ப்பவர், ஒரு சொல்லுக்கு ஒரு சொல் பதில் தருபவர் பலருக்குப் பலிக்கிறது.

கழிப்பறைக்குப் போனபின் அவசரப்படுத்தாதீர்கள். இரண்டு பாதமும் தரையில் பதிந்து, கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தால் பை நன்றாகக் காலியாகும். முடிந்ததும் ஒரு நிமிடம் விட்டு மறுபடி முயலச் சொல்லலாம். இடுப்பு மூட்டையே மாற்றியிருந்தால் தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது என்று சொல்லியிருப்பார்கள்; உயரத்தைக் கூட்டிய கம்மோடு நாற்காலி வேண்டும். இந்தியக் கழிப்பறை பேச்சுக்கே இடமில்லை. இரவில் நாற்காலியைக் கட்டிலின் நல்ல கால் பக்கம் ஒட்டிப் போட்டு, ஒரு சின்ன விளக்கை எரியவிடுங்கள். அவசரத்தில் எழுந்து விழுந்து மறுபக்க இடுப்பையும் முறித்துக்கொள்வதுதான் இந்த நிலையில் பயப்பட வேண்டிய ஆபத்து. உடை விஷயத்தில் பாவாடை நாடா முடிச்சு பெரிய எதிரி. முழங்காலுக்குக் கீழே இறங்காத நைட்டி போதும்.

தண்ணீரைக் குறைத்தால் நனைவது குறையும் என்று எல்லோருக்கும் தோன்றும். குறையாது. சிறுநீர் கெட்டியாகி எரிச்சலும் அவசரமும் கூடும், மலம் இறுகும், கோடையில் ஆளே மயங்குவார். இதயத்துக்கோ சிறுநீரகத்துக்கோ டாக்டர் அளவு கட்டியிராவிட்டால் நாளுக்கு ஒன்றரை லிட்டர் வரட்டும். பெரும்பகுதியை மாலை ஆறுக்குள் கொடுத்துவிடுங்கள். காபி, டீ இரண்டு டம்ளரோடு நிற்கட்டும், மாலைக்கு மேல் வேண்டாம். இரவில் மட்டும் அதிகம் நனைகிறது, காலும் வீங்குகிறது என்றால், பகலில் காலில் தேங்கிய நீர்தான் படுத்ததும் சிறுநீராக இறங்குகிறது. மதியம் ஒன்றிரண்டு மணி நேரம் காலை உயர்த்திப் படுக்க வைத்தால் அது பகலிலேயே இறங்கும். நீர் பிரியும் மாத்திரை மாலையில் இருந்தால் நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் புதிதாகச் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். அவை சர்க்கரையைச் சிறுநீர் வழியே தள்ளுபவை. அளவு கூடும், பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்றும் வரும்.

அடுத்து, இல்லத்திலிருந்து பெரும்பாலும் வரப்போகும் வாக்கியம்: ‘யூரின் டெஸ்ட்ல கிருமி இருக்கு, ஊசி போடணும்.’ டியூப் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் 3 முதல் 7 சதவீதம் பேருக்கு என்ற கணக்கில் கிருமி குடியேறுகிறது. ஒரு மாதம் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும். ஆகவே உங்கள் அம்மாவின் பரிசோதனையில் கிருமி இல்லாவிட்டால்தான் ஆச்சரியம். கலங்கலாக இருப்பதும் நாற்றம் அடிப்பதும் மட்டும் மருந்துக்குக் காரணம் ஆகா. குளிர்க்காய்ச்சல், புதிதாக வந்து நீடிக்கும் கடுப்பு, அடிவயிற்றிலோ விலாப்பக்கத்திலோ வலி, ரத்தம் இவற்றில் ஏதாவது இருந்தால்தான் கல்ச்சர் (எந்தக் கிருமி, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டும் பரிசோதனை) எடுத்து, அதன்படி ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும். மனக்குழப்பம் மட்டும் திடீரென்று வந்தால் என்ன செய்வது என்பதில் மருத்துவர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை. காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் இல்லாதபோது, முதலில் மிச்ச அளவு, மலச்சிக்கல், மாத்திரை, சோடியம், சர்க்கரை என்று பார்த்துவிட்டுத்தான் சிறுநீர்மீது பழி போட வேண்டும் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

டயப்பர் கூடாது என்று நான் சொல்லவில்லை. நடப்பவருக்கு ஜட்டி போல இழுத்து மாட்டும் வகை, படுத்திருப்பவருக்குப் பக்கத்தில் ஒட்டும் வகை. இடுப்புச் சுற்றளவைப் பார்த்து வாங்குங்கள். பெரிய சைஸ் அதிகம் உறிஞ்சும் என்று வாங்கினால் தொடை இடுக்கில் கசியும். ஒன்றின் மேல் ஒன்று இரண்டு போடுவதால் புண்தான் வரும். மாற்றும்போது காரமான சோப்பும் டெட்டாலும் வேண்டாம். வெதுவெதுப்பான நீரில் மென்மையாகத் துடைத்து, ஒற்றி உலர்த்தி, ஜிங்க் ஆக்சைடு களிம்பை மெல்லிய படலமாகப் போடுங்கள். அப்பினால் டயப்பரின் துளைகள் அடைத்து உறிஞ்சாது. பவுடர் ஈரத்தில் கட்டி கட்டியாகித் தோலை அறுக்கும். சிவந்த திட்டைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் தெறித்திருந்தால் அது பூஞ்சை, குளோட்ரிமசோல் களிம்பு வேண்டியிருக்கும். எலும்பு முட்டும் இடத்தில் மட்டும் அழுத்தினாலும் வெளுக்காத சிவப்பு என்றால் அது ஈரத்தால் வந்ததல்ல, படுக்கைப்புண் தொடக்கம். அதற்குத் திருப்பிப் படுக்க வைப்பதுதான் வைத்தியம்.

மாத்திரைகள்பற்றிக் கொஞ்சம் அடக்கியே சொல்கிறேன். பையின் அவசரத்தைக் குறைக்கும் ஆக்சிபியூட்டினின் வகை, இந்த வயதில் நினைவையும் குடலையும் கெடுக்கும், தவிர்ப்பது நல்லது. மிராபெக்ரான் என்ற வேறு வகை மாத்திரை அந்த விதத்தில் பாதுகாப்பானது, ஆனால் ரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டுமே மிச்ச அளவு தெரிந்து, சில வாரம் நேரம் வைத்து அழைத்துப் பார்த்த பிறகு வரும் பேச்சு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எஸ்ட்ரியால் என்ற பெண் ஹார்மோன் களிம்பைப் பிறப்புறுப்பின் உள்ளே இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் இரண்டு முறை போட்டால் எரிச்சலும் அவசரமும் குறையலாம், தொற்றும் குறைகிறது. மார்பகப் புற்றுநோய் வந்தவர் என்றால் சொல்லிவிட வேண்டும். இடுப்புத்தளத் தசைப் பயிற்சி இருமும்போதும் எழும்போதும் கசிபவர்களுக்கு உதவும், ஆனால் சொல்வதைப் புரிந்துகொண்டு மூன்று மாதம் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும். எடுப்பதற்கு முன் டியூபை மடக்கி மடக்கிப் பையைப் பழக்குவது பல இடங்களில் சடங்குபோல் நடக்கிறது. சில வாரமே இருந்த டியூபுக்கு அதனால் பலன் இருப்பதாகக் காட்டப்படவில்லை.

அம்மாவைப் பார்க்காமல் அவருக்கு எந்த வகை என்று என்னால் சொல்ல முடியாது. காத்திருக்கக் கூடாதவற்றை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்: ஆறு மணி நேரமாகச் சொட்டுகூட இல்லாமல் அடிவயிறு புடைத்து அமைதியில்லாமல் தவிப்பது, நடுக்கத்தோடு காய்ச்சல், ரத்தக்கட்டி, எழுப்ப முடியாத மயக்கம், கால் திடீரென்று தளர்ந்து தொடை இடுக்கில் மரத்துப்போவது. இவற்றில் எது வந்தாலும் அன்றே, இரவானாலும், மருத்துவமனை.

டியூப் திரும்பப் போடுவது சரியான நேரங்களும் உண்டு. வடித்து எடுக்க ஆளில்லாத நிலையில் சிறுநீர் தேங்குவது, முதுகடியில் ஆழமான புண் நனைந்து ஆறாமல் இருப்பது, கடைசி நாட்களில் அசைத்தாலே வலிக்கும் நோயாளி. நனைகிறது, துணி மாற்ற ஆளில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை. கவனிப்புக்குப் பதிலாக டியூபை வைக்கக் கூடாது என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி.யின் 2009 வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. போட்டே ஆக வேண்டும் என்றானால், ஏன் போட்டோம், எந்தத் தேதியில் எடுப்போம் என்று ஃபைலில் எழுதச் சொல்லுங்கள். தேக்கத்துக்காகப் போட்டதை ஒன்று இரண்டு வாரத்தில், மலச்சிக்கலையும் மாத்திரையையும் சரிசெய்தபின், மறுபடி எடுத்துப் பார்க்கலாம். காலை ஆறு மணிக்கு எடுப்பது நல்லது. தகராறு வந்தால் பகலிலேயே தெரியும், டாக்டரும் கிடைப்பார். பலூன் தண்ணீரைச் சிரிஞ்சால் வேகமாக இழுக்காமல் தானாக வர விட வேண்டும், இழுத்தால் டியூபுக்குள் அந்தத் தண்ணீர் வரும் வழி ஒட்டிக்கொள்ளும். அன்றைக்கு ஒவ்வொரு முறையும் அளவு எழுதி, முதல் இரண்டு மூன்று முறைக்குப் பின் மிச்சம் பார்க்க வேண்டும். இப்படி முறையாக எடுத்து இரண்டாவது தடவையும் தேங்கினால் யூராலஜிஸ்ட்டிடம் கூட்டிப் போங்கள். எழுதி வைத்த தாள்களையும் மாத்திரைப் பட்டியலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.